மாகதம்

காங்கயம் நகராட்சியில் மாடிப்படிக்குக் கீழே என் மேஜை.
பிறப்பும் இறப்பும் இங்கேதான் எழுதுகிறோம்.
பெயர்ப்பலகையில் 'ர'வின் வால் உதிர்ந்து
இரண்டு வருடமாக நான்
மாகதம்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை
துளசிமணி வந்தாள், தோளில் பிள்ளை.
'ஏனுங்க்கா, பேரு சேக்கோணும்.'
சேர்க்கலாம். ஒரு வருடம் வரைக்கும் காசில்லை. என்ன பேர்?
'ஒரு கல்லோட பேருங்க.'
எந்தக் கல்?
'அதுதானுங்க தெரியல.'

கல் கேட்டு வருகிறவர்கள் நிறைய.
ரூபியை ரூபிகாவாக்கி, அப்புறம் ரூபிகாஸ்ரீயாக்கி
மூன்று தரம் படியிறங்கிய அப்பா ஒருவர்.
எண் கூட்டிப் பார்த்து முத்துவுக்கு இன்னொரு 'த்' கேட்டவர் ஒருவர்.
எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்:
ஊரில் எவளுக்கும் இருக்கக் கூடாது,
கேட்டால் ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு வாய்த்தது ஊரே வைத்திருந்த பெயர்.
ஐந்தாம் வகுப்பில் நாங்கள் நான்கு பேர்.
பெரிய மரகதம், சோடாக்கடை மரகதம், எம். மரகதம்,
நான் கருப்பு மரகதம்.
பச்சைக் கல்லுக்குக் கருப்பு என்று எந்த வாத்தியாரும் சிரிக்கவில்லை;
கூப்பிட வசதியாக இருந்தது.
என் பெயரின் அர்த்தத்தை முதன்முதலாகப் பார்த்தது
நகைக்கடையில் பில் போட்ட வருடம்:
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், துவரம்பருப்பளவு,
என் ஆறு மாதச் சம்பளம்.

துளசிமணி சொன்னாள்.
இவள் வயிற்றில் ஆறு மாதம். படியூர்ப் பக்கம்
சோளக்காட்டில் களைவெட்டு. முந்தின ராத்திரி மழை.
கொத்து பட்ட இடத்தில் 'என்னமோ முளிச்சுப் பாத்துச்சுங்க.'
எச்சில் தொட்டுத் துடைத்து
மூன்று நாள் சேலை முடிச்சிலேயே வைத்திருந்தாள்,
வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லாமல்.
வெயிலில் பிடித்தால்
வாய்க்காலில் தண்ணீர் விட்டு
கலங்கல் அடங்கின மூன்றாம் நாள் நிறம்.

புரோக்கர் டார்ச் அடித்துப் பார்த்தான்.
பேர் சொல்லவில்லை.
'கீறலிருக்குது' என்றான்.
கீறலுக்கு நாலாயிரம் கழித்தான்.
மீதியைத் தாராபுரம் ரோட்டு ஆஸ்பத்திரியில் கட்டியாயிற்று,
பிள்ளை குறுக்கே திரும்பிக்கொண்ட அன்று.

'அதக் குடுத்துத்தானுங்க இவள வாங்குனேன்.
அதோட பேரு இவளுக்குத்தானுங்க சேரோணும்?'

செல்போனில் ஒவ்வொரு கல்லாகக் காட்டினேன்.
நீலம். இல்லீங்க.
வைடூரியம். இல்லீங்க, இது பூனக்கண்ணாட்ட இருக்குது.
மரகதத்தில் கொஞ்சம் நின்றாள். 'கிட்டத்துல வருதுங்க.
இந்தப் பேரு இப்ப வெக்கறாங்களா?'

பிறப்பில் தேடினேன்.
இந்த வருடம் இல்லை. போன வருடம் இல்லை.
கீழே கீழே போய்ப் பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி.
இறப்பில் தேடினால்
பக்கம் பக்கமாக வருகிறோம்.
திரையைச் சற்று என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

'கீறலையும் சேத்து எழுத முடியுங்களா?'
முடியாதம்மா. இந்தக் கட்டத்தில்
எழுத்தும் புள்ளியும் மட்டும்தான் ஏறும்.

பிள்ளை தாவிப் பலகையைப் பிடித்தது.
அதன் கையிலிருந்து வாங்கி, எழுத்துக் கூட்டி, அவள் கேட்டாள்:
'மாகதம்னா எந்தக் கல்லுங்க்கா?'
கல் இல்லை. என் பேர்தான். ர உடைந்துவிட்டது.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
'கீறல் விழுந்த மரகதமுங்களா' என்றாள்.
புறங்கையால் பலகையின் தூசியைத் துடைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் திருத்துவார்கள் என்றேன்.
ரேஷன் கார்டில், ஆதாரில், கல்யாணப் பத்திரிகையில்
அச்சுப் பிழை என்று நினைத்து
அவளவளே வால் போட்டுவிடுவாள்கள்.
ஆயுசுக்கும் இவள் 'ர இல்லீங்க, ர இல்லீங்க' என்று
சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

'சொல்லட்டுமுங்க.'

வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும்.
திங்கட்கிழமை கூட்டிவருவதாகப் போயிருக்கிறாள்.

பலகையை மாற்ற நாளைக்கு ஆள் வருவதாக
மேலேயிருந்து இன்றைக்குத்தான் சொன்னார்கள்.
திங்கள் போகட்டும் என்றேன்.